திருப்பிக் கொடுத்த வண்டி

வெள்ளிமலை,
2.6.1999

மதிப்பிற்குரிய சுப்புராயன் ஐயா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் தைலம்மாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். உங்கள் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் வீரமுத்து பத்து வருஷம் அடுத்தவர் ஜீப்பை ஓட்டியவர். இந்த மார்ச் எட்டாம் தேதி, பழங்குடியினருக்குத் தரும் சுயவேலைக் கடனில், விழுப்புரம் ஷோரூமில் புது டீசல் கார் எடுத்தோம். பத்துப் பேர் உட்காரும் வண்டி. எங்கள் ஊருக்கு பஸ் குறைவு. பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஜனங்களை ஏற்றி இறக்கலாம் என்றுதான் எடுத்தோம்.

முதல் வாரத்திலிருந்தே பிரேக் சரியில்லை. சில நேரம் நன்றாகப் பிடிக்கும். சில நேரம் மிதித்தால் மிதி அப்படியே அடி வரை இறங்கிவிடும். மூன்று முறை ஷோரூமுக்குக் கொண்டு போனார். "புது வண்டி அப்பிடித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு முறைகூட ஒரு துண்டுக் காகிதம் தரவில்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி காலையில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையத்துக்கு மலை இறங்கினார். மூன்றாவது வளைவில் வண்டி நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. பாறைப் பக்கம் திருப்பிவிட்டார். முன் சீட்டில் இருந்த கொளஞ்சியம்மாள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். என் வீட்டுக்காரரின் வலது காலைச் சேலம் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

போன வாரம், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து எங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். டிரைவர் சீட்டுக்குக் கீழே ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். சர்க்கரை ஆலை கொடுக்கும் கரும்பு வெட்டு உத்தரவுச் சீட்டு ஒன்று மடித்துக் கிடந்தது. உங்கள் பெயர், எலவனாசூர்கோட்டை, தேதி ஜனவரி 28.

ஐயா, நாங்கள் மார்ச்சில் வாங்கிய புது வண்டிக்குள் ஜனவரிச் சீட்டு எப்படி வந்தது? இந்த வண்டி எங்களுக்கு முன்னால் உங்களிடம் இருந்ததா? அதன் சேஸிஸ் நம்பரில் கடைசி நான்கு எண்கள் 4417. இதை மட்டும் சொல்லுங்கள். முகவரி எழுதித் தபால் தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வீ. தைலம்மாள்


எலவனாசூர்கோட்டை,
7.6.1999

வெள்ளிமலை தைலம்மாள் என்பவருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு கார். பிப்ரவரி மாதம் வாங்கியது. ஆர்.சி. புத்தகம் என் பெயரில் இருக்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறது.

வெட்டு உத்தரவுச் சீட்டு கரும்பு வெட்டும் ஆட்கள் கையிலும் லாரிக்காரர்கள் கையிலும் போய் வருவது. எங்கே எப்படி விழுந்தது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடந்த விபத்துக்கு வருந்துகிறேன். ஆனால் கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. போலீஸ், கோர்ட் என்று எங்களை இழுக்க வேண்டாம். இனிமேல் கடிதம் எழுதவும் வேண்டாம்.

சுப்புராயன்


வெள்ளிமலை,
14.6.1999

ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னிக்கவும், எழுதுகிறேன்.

சம்பந்தம் இல்லாதவர் நான் வைத்த உறையிலேயே 'இல்லை' என்று ஒரு வரி எழுதிப் போட்டிருப்பார். நீங்கள் அந்த உறையை விட்டுவிட்டு, ஒப்புதல் அட்டை வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். அதிலும் நான் கேட்ட 4417-க்குப் பதில் இல்லை. பொய் சொல்ல உங்களுக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? குடித்துவிட்டு ஓட்டினான் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் சாமிக்குப் படைத்த கள்ளைக்கூடத் தொடாதவர். கொளஞ்சியம்மாளின் மகன் சடையன் எங்கள் வாசலில் நின்று, "எங்கம்மாவ ஏத்திக்கினு போயி பாறையில அடிச்சிக் கொன்னுட்டான்" என்று கத்திவிட்டுப் போனான். அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்தார் என்று வழக்கு. பிரேக் பைப் உடைந்திருக்கிறது, ஆனால் அது மோதியதில் உடைந்திருக்கலாம் என்று வண்டியைச் சோதித்தவர் ரிப்போர்ட். ஷோரூம்காரர்கள் இந்த வண்டியைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை, டிரைவர் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. அந்த வளைவில் என்ன நடந்தது என்று அவருக்கே நினைவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னைக் கேட்கிறார்: "நான் பிரேக்க மெறிச்சனா, இல்ல பக்கத்துல இருக்கறத மெறிச்சிட்டனா?" நான் அந்த வண்டியில் இல்லையே, என்ன சொல்வேன்? மிதித்தீர்கள் என்றால், "நீ எப்பிடி கண்ட?" என்கிறார். நேற்று வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மெறிச்ச காலே இல்ல. யார போயி கேக்கறது?"

மாத்திரையைத் துப்பிவிடுகிறார். மரவள்ளிக்கு அடிக்க வைத்திருந்த மருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அரிவாளையும் கொடுத்துவிட்டேன். வீட்டில் காய் நறுக்கக்கூட ஒன்றும் இல்லை.

உங்கள் பெண்ணின் கல்யாணம் நன்றாக நடக்கட்டும். அவள் பெயருக்கு ஒரு குறையும் வராது. ஒரே வார்த்தை சொல்லுங்கள் ஐயா. உங்கள் காலுக்கும் அந்த மிதி இறங்கியதா?

தைலம்மாள்


எலவனாசூர்கோட்டை,
2.7.1999

அம்மா,

உங்கள் கடிதத்தை நான் பிரிப்பதற்கு முன் என் வீட்டில் கமலா பிரித்துப் படித்துவிட்டாள். இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு போடுகிறாள், அவ்வளவுதான்.

இறங்கியது. அந்த வண்டி பதினெட்டு நாள் என்னிடம் இருந்தது. 4417 தான். என் பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன்.

நான் அதை எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உளுந்தூர்பேட்டை அருகே கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போனபோது மிதி அடியில் போய் ஒட்டிக்கொண்டது. வயலில் இறக்கி நிறுத்தினேன். உள்ளே மனைவியும் மகளும் இருந்தார்கள். இரண்டு முறை வொர்க்‌ஷாப்பில் விட்டேன். வேலைச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்தால்தான் நகர்வேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாம் முறை சாவியை ஷோரூம் மேனேஜர் மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "வேற வண்டி குடுங்க, இல்லன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறன். பேப்பர்லயும் போடறன்" என்றேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வேறு வண்டி தருவதாக ஒத்துக்கொண்டார்கள். முதல் வண்டி தற்காலிகப் பதிவில்தான் ஓடியது. ஆர்.சி. போட்டிருக்கவில்லை. அதனால் அவர்களுக்கு மாற்றுவது சுலபமாக இருந்தது.

பதிலுக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். முதல் வண்டியைப் பற்றி யாரிடமும் எங்கும் சொல்லக் கூடாது. சொன்னால் மாற்றிக் கொடுத்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். "அந்த வண்டிய இன்னா பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன் அம்மா. கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். "ஃபேக்டரிக்கு அனுப்பிடுவம் சார், பிரிச்சிப் பார்ப்பாங்க" என்றார் மேனேஜர்.

நான் என் உரிமையைச் சண்டை போட்டு வாங்கினேன். அதில் என்ன தவறு? கையெழுத்துப் போட்டவன் இப்போது என்ன செய்ய முடியும்?

சுப்புராயன்


வெள்ளிமலை,
10.7.1999

ஐயா,

'இறங்கியது' என்ற அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஆனால் அவரிடம் இன்னும் காட்டவில்லை. காட்டிய பிறகு நீங்கள் மறுத்துவிட்டால் அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

கள்ளக்குறிச்சியில் நுகர்வோர் சங்கத்தில் பெரியநாயகி என்று ஒரு அம்மா இருக்கிறார்கள். அவர்கள்தான் எனக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். விழுப்புரம் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டாயிற்று. வக்கீல் வேண்டாம், நானே பேசலாம் என்கிறார்கள். உங்கள் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். "உயிர வாங்கற குறைய மூடி மறைக்கறதுக்கு வாங்கின கையெழுத்து எந்தக் கோர்ட்லயும் நிக்காது. அவருக்குத் தைரியமா இருக்கச் சொல்லு" என்றார்கள்.

ஷோரூம்காரர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். வாடகைக்கு ஓட்டும் வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது, அதனால் நாங்கள் நுகர்வோரே கிடையாதாம். பெரியநாயகி அம்மா சிரித்தார்கள். தானே ஓட்டிப் பிழைக்க வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். எங்கள் கடன் பத்திரத்தில் சுயவேலை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதில் அவர்கள் ஜெயிக்க முடியாது. ஆனால் வண்டி முன்னமே கெட்டது என்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வெட்டு உத்தரவுச் சீட்டைத் தவிர. ஆகஸ்ட் ஆறாம் தேதி விசாரணை.

நீங்கள் செய்ததில் தவறு இல்லை. உங்களைப் போல நாள் முழுக்க உட்கார எங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. "போப்பா, செட் ஆயிடும்" என்றதும் இவர் கும்பிட்டுவிட்டு வந்தார். பேப்பரில் போடுவேன் என்று நாங்கள் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நீங்கள் சொன்னால் பயப்படுகிறார்கள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

நேற்று நான் பள்ளியில் இருந்தபோது கட்டிலிலிருந்து இறங்கி, தவழ்ந்தே கிணற்றடி வரை போயிருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த ராணியம்மாள் பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறாள். நான் ஓடிப் போனபோது முழங்கை எல்லாம் தோல் உரிந்து, மண் அப்பிக்கிடந்தார். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். தாகம் என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன் ஐயா.

இனி எவ்வளவு நாள் அவரைக் காவல் காக்க முடியும் என்று தெரியவில்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

தைலம்மாள்


எலவனாசூர்கோட்டை,
27.7.1999

அம்மா,

இந்த உறையில் என் முதல் பில், தற்காலிகப் பதிவுச் சீட்டு, இரண்டு வேலைச் சீட்டுகள் எல்லாம் இருக்கின்றன. வேலைச் சீட்டில் 'பிரேக் மிதி முழுவதும் இறங்குகிறது' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் வாங்கிய பத்திரத்தில் எனக்குக் கொடுத்த பிரதியும் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை. எல்லாம் அசல். எடுத்துக்கொள்ளுங்கள்.

போன கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது போல எழுதினேன். சொல்லவில்லை. ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள் என்று நம்பினேன் என்பது மார்ச் எட்டாம் தேதி வரைதான் உண்மை.

அன்று புது வண்டியை முதல் சர்வீஸுக்கு ஷோரூமில் விட்டேன். முன் பக்கம், வண்டி எடுத்துக் கொடுக்கும் இடத்தில் அந்த முதல் வண்டி நின்றது. மாலை போட்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்பக்கம், கைப்பிடிக்குக் கீழே ஒரு கீறல். கமலா கோயிலுக்குக் கொண்டுபோன குடம் உரசியது. அந்தக் கீறலை எனக்குத் தெரியும். பதினெட்டு நாளும் அதற்காகத்தான் அவளைத் திட்டினேன்.

ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. ஆனாலும் துடைத்தார். ஒரு பெண் முன் கண்ணாடியில் குங்குமம் வைத்தாள். பச்சைப் புடவை. நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

நான் நான்கு அடி தள்ளி நின்றேன் அம்மா. "தம்பி, இந்த வண்டிய எடுக்காத" என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். வாய் வரை வந்தது. மேனேஜர் பார்த்துவிட்டார். தோளில் கை போட்டு, "அது வேற வண்டி சார். வாங்க, ஒரு காபி சாப்பிடலாம்" என்றார். வேறு வண்டி இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

நான் போய்க் காபி குடித்தேன்.

வெளியே வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். சரி செய்துதான் கொடுத்திருப்பார்கள் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இதை உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். மன்றத்திலும் கொடுங்கள். ஆனால் என்னை நேரில் கூப்பிடாதீர்கள். உங்கள் முகத்துக்கு எதிரே நின்று இதைச் சொல்ல என்னால் முடியாது.

சுப்புராயன்


வெள்ளிமலை,
8.8.1999

சுப்புராயன் அவர்களுக்கு,

ஆறாம் தேதி விழுப்புரத்தில் உங்கள் காகிதங்களைக் கொடுத்தேன். ஷோரூம் வக்கீல் எழுந்து, "இதெல்லாம் ஜோடிச்ச பேப்பர். அந்த சுப்புராயன் எங்க? ஏன் வரல?" என்று கேட்டார். எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வர மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தும் பார்த்தேன். இருபத்தேழாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் வரவில்லை என்றால் இந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்காது என்கிறார் பெரியநாயகி அம்மா.

அந்தப் பச்சைப் புடவை என்னுடையதுதான். அதற்குப் பிறகு அதை நான் உடுத்தவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அடுப்பில் போட்டுவிடலாமா என்று எடுத்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன். எனக்கு இருப்பதே நான்கு புடவை.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். துண்டால் துடைத்தார் என்ற இடம் வந்ததும் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார்.

"ஆமா, தொடச்சன்" என்றார்.

வேலைச் சீட்டையும் படித்தேன். இன்னொரு தடவை படி என்றார். படித்தேன்.

"அவரு மெறிச்சப்பவும் எறங்கிச்சா?"

"எறங்கிச்சாம்."

"அப்ப நானும் மெறிச்சிருப்பன்."

"மெறிச்சீங்க."

அதற்கப்புறம் அழுதார். கால் எடுத்தபோதுகூட அழாத மனுஷன். அழுது முடித்துவிட்டுக் கஞ்சி கேட்டார். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அந்த நான்கு வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருந்தால் கொளஞ்சியம்மாள் இன்றைக்குச் சந்தைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

இருபத்தேழாம் தேதி காலை பத்தரை மணி. முகத்துக்கு எதிரே நிற்க முடியாது என்றால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டாவது சொல்லுங்கள்.

தைலம்மாள்


எலவனாசூர்கோட்டை,
16.8.1999

அம்மா,

வருகிறேன். "நீங்க போகலன்னா நான் போறன். கொடம் என்னுதுதான, கீறல் என்னுதுதான, நான் சொல்றன்" என்கிறாள் கமலா. அவளும் வருகிறாள்.

ஷோரூமிலிருந்து நேற்று ஆள் வந்து பத்திரத்தை நினைவுபடுத்திவிட்டுப் போனான். வண்டியை எடுத்துக்கொள்வதென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு மலைக்கு வந்து உங்கள் வீட்டுக்காரரை ஒரு முறை பார்க்கலாமா? மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பார்க்க வேண்டும்.

சுப்புராயன்


வெள்ளிமலை,
20.12.1999

ஐயா அவர்களுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. நீங்கள் சாட்சி சொன்ன அன்று மன்றத்தில் எல்லோரும் உங்களையே பார்த்தார்கள். காபி குடித்ததை நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம். வக்கீல் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னீர்கள். அங்கேதான் ஷோரூம் வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார்.

வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையையும் நஷ்டஈட்டையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அவர்கள் சென்னைக்கு மேல்முறையீடு போகிறார்களாம். போகட்டும். நான் இன்னும் ஒன்று கேட்டிருந்தேன். பெரியநாயகி அம்மாவே, "இதெல்லாம் மனுல கேக்கற வழக்கம் இல்லியே" என்றார்கள். எழுதுங்கள் என்றேன். எடுத்துக்கொண்ட வண்டியை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, உடைத்துப் போட்டதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும் என்று. மன்றத் தலைவர் ரொம்ப நேரம் படித்துப் பார்த்துவிட்டு அதையும் தீர்ப்பில் சேர்த்திருக்கிறார்.

போலீஸ் வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் சாட்சியத்தின் நகலை அங்கேயும் கொடுத்திருக்கிறோம். விடுதலை கிடைக்கும் என்கிறார் அந்த வழக்கைப் பார்க்கும் எங்கள் வக்கீல். கிடைக்கும் வரை நம்ப மாட்டேன்.

தீர்ப்பு வந்த மறுநாள் அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு சடையன் வீட்டுக்குப் போனார். நான் தாங்கிப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார். தீர்ப்பைக் கையில் கொடுத்தார். சடையனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் பெண்டாட்டி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முடிகிற வரைக்கும் இவர் வாசலிலேயே நின்றார். சடையன் உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டு வந்து போட்டான். இவர் உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. எட்டு மாதமாக மூச்சு விடாமல் இருந்தவள் போல நான் அவர்கள் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மலைக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. வர வேண்டாம் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். உங்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் காபிதான் நினைவுக்கு வரும். அதை மாற்றிக்கொள்ள என்னால் ஆகவில்லை, ஒருவேளை ஆகவே ஆகாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதுவதைப் பார்த்து அவர், "யாருக்கு?" என்றார். சொன்னேன்.

"வரச் சொல்லு" என்றார். "ஆனா கார எடுத்துக்கினு வர வேணாம்னு சொல்லு. அந்த வண்டியும் அவனுங்க குடுத்ததுதான. எறக்கத்துல எப்பிடிப் பிடிக்குமோ. பஸ்ஸுல வரச் சொல்லு."

கச்சிராயபாளையத்திலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதில் வாருங்கள்.

தைலம்மாள்